மெயிலுக்கு ஒரு செக்போஸ்ட்!

ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் அந்தக் காலத்தில் லாரிகள் நின்ற அழகைப் பார்த்தவர்களுக்கு, நான் சொல்லப்போகிற சமாச்சாரம் சட்டென்று புரிந்துவிடும். இந்தப் பக்கம் ஓசூர், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. நடுவில் ஒரு தடுப்புக் கம்பம், ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஓர் ஆபீசர். தக்காளி லாரி, ரோஜாப்பூ வண்டி, இரும்புத் தகடு லாரி, மொபெட் ஏற்றின டிரெய்லர் எல்லாமே ஒரே வரிசை. தக்காளி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இரும்புக்கு ஓர் அவசரமும் கிடையாது. ஆனால் இரும்பு முன்னால் நிற்கும், தக்காளி பின்னால் நிற்கும். டிரைவர் டீக்கடையில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்களுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அந்த வரிசை எங்கேயும் போய்விடவில்லை. சிப்காட்டில் இருக்கிற கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது!

எப்படி என்கிறீர்களா? ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெரிய வண்டிக் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற, இருநூறு பேர் வேலை பார்க்கிற ஒரு கம்பெனி. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் 1980 வாக்கில் இங்கே ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்த மாதிரிக் கம்பெனிகள் ஓசூரைச் சுற்றிக் காளான் மாதிரி முளைத்திருக்கின்றன. இப்போது ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று பாட்டரி வண்டிக்காரர்களும் வந்தாகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கு ஒரு பொது ஈ-மெயில் விலாசம் இருக்கும். ‘சப்போர்ட்’ என்றோ ‘ஹெல்ப்டெஸ்க்’ என்றோ பெயர்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைத் திறந்தால் என்ன இருக்கும்? ‘ஸார், பிரிண்டர் மறுபடியும் மக்கர்’ என்று ஸ்டோர்ஸிலிருந்து ஒன்று. ‘போன மாதம் ஓ.டி. காசு வரலை’ என்று ஓர் ஊழியர். எல்.இ.டி. பல்பு மலிவு விலையில் தருவதாக டெல்லிக்காரர் ஒருவர். ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே சொடுக்கவும்’ என்று ஒரு திருடன். பஸ் ரூட் மாற்றச் சொல்லி பாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம். இத்தனைக்கும் நடுவில், பெரிய கம்பெனி வாங்கும் இலாகாவிலிருந்து ‘நீங்கள் அனுப்பிய லாட்டில் நாற்பது பீஸ் அளவு தவறு’ என்று ஒரு மெயில். இதுதான் தக்காளி லாரி. இது எல்.இ.டி. பல்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது!

இந்தக் கஷ்டத்துக்குத்தான் ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரிய வித்தை எல்லாம் இல்லை. டாக்டர் கிளினிக்கில் கொடுக்கிறார்களே, டோக்கன், அதேதான். ஒரு மெயில் வந்து விழுந்தால் அதற்கு ஒரு நம்பர். அந்த நம்பருக்குப் பெயர் டிக்கெட். யார் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குள் பதில் போக வேண்டும், முடிந்ததா, முடியவில்லையா எல்லாம் அந்த நம்பரின் பேரில் பதிவாகும். ‘நான் மெயிலே பார்க்கலை ஸார்’ என்று கையை விரிக்க முடியாது.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் உலகத்துக்கே கடை போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு ருசிகரத் தகவல். திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம், ஸோஹோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அமெரிக்காவிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குத் திரும்பினார். கப்பலில் வந்த டி.வி. உடைந்து போயிருந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக மெயில் மேல் மெயில், போன் மேல் போன். மாதக்கணக்கில் அசையவில்லை. வெறுத்துப்போய் நாலு பேர் பார்க்கிற இடத்தில், உடைந்த டி.வி. போட்டோவோடு கதையை எழுதிப் போட்டார். அவ்வளவுதான், அந்தக் கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்து சேர்ந்தது! வாடிக்கையாளர் குரல் எங்கெங்கிருந்தோ வரும், அதையெல்லாம் ஒரு இடத்தில் பிடித்து நம்பர் போட வேண்டும் என்ற யோசனையோடு 2010-ல் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஃப்ரெஷ்டெஸ்க். பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. அந்தப் பங்கு வெளியீட்டுக்கு வைத்த ரகசியப் பெயர் ‘புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்’. யார் ரசிகர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? ஸோஹோவிடமும் இதே ஜாதி சாஃப்ட்வேர் உண்டு. கையில் காசில்லை என்றால் ஓஎஸ்டிக்கெட் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டுவிட்டால் மட்டும் தக்காளி முன்னால் வந்துவிடாது. வருகிற மெயிலை யார் பிரிப்பது? அதற்குத்தான் ஃபில்டர். காபி ஃபில்டர் தூளைத் தள்ளி டிகாக்ஷனை இறக்குகிற மாதிரி. என்ன ஒரு வித்தியாசம், இங்கே தூள் எது டிகாக்ஷன் எது என்று நீங்கள்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் இரண்டு பாதி. முதல் பாதி ‘இப்படி வந்தால்’. இரண்டாவது பாதி ‘இப்படிச் செய்’. அனுப்பியவர் இன்னார் என்றால், தலைப்பில் இன்ன வார்த்தை இருந்தால், இன்ன விலாசத்துக்கு வந்திருந்தால்... இது முதல் பாதி. குவாலிட்டி இலாகாவுக்கு அனுப்பு, அவசரம் என்று குறி, பதில் போடாதே, குப்பையில் போடு என்பதெல்லாம் இரண்டாவது பாதி.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? அதனால்தான் கம்பெனிகளில் இந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பி.சி.ஏ.வோ பி.காமோ முடித்துவிட்டு, கான்ட்ராக்டில், எம்.ஐ.எஸ். என்று ஒரு பெயரில் உட்கார்ந்திருப்பானே, அவன். ‘தம்பி, சாயந்திரத்துக்குள்ள ஃபில்டர் போட்டுடு’ என்பார் மேனேஜர். ஆறு மாதம் கழித்து ஒரு மெயில் காணாமல் போனால், ‘யாரு போட்டது இந்த ஃபில்டர்?’ என்று அதே மேனேஜர் கேட்பார். இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்காக.

தம்பி முதலில் செய்வது வார்த்தையைப் பிடிப்பது. ‘அர்ஜென்ட்’ என்ற வார்த்தை தலைப்பில் இருந்தால் முதல் வரிசை! ரொம்ப நியாயமாகப் படும். ஒரு வாரம்தான். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் பிரிண்டர் மையும் அர்ஜென்ட், கேன்டீன் சாம்பாரில் உப்பும் அர்ஜென்ட். நிஜமாகவே லைன் நிற்கிற இடத்து இன்ஜினீயர் மட்டும் கௌரவமாக ‘கவனத்துக்கு’ என்று எழுதியிருப்பார். அவர் மெயில் கடைசியில் நிற்கும்.

அடுத்து குப்பை வார்த்தைகள். ‘ஃப்ரீ’ என்று இருந்தால் விளம்பரம், தூக்கிப் போடு! அங்கேதான் வந்தது வினை. ஓசூரில் ஜாப் ஒர்க் செய்கிற எந்தக் கம்பெனியையும் கேளுங்கள், ‘ஃப்ரீ இஷ்யூ மெட்டீரியல்’ என்றால் வாடிக்கையாளர் தானே கொடுத்து அனுப்புகிற மூலப்பொருள். லட்சக்கணக்கில் விலை. அதன் கணக்கு கேட்டு வருகிற மெயில் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குள்! இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1996-ல் அந்த ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். இன்டர்நெட் கம்பெனியில் பெயர் பதியப் போனால், கம்ப்யூட்டர் முடியாது என்றது. காரணம், ஊர்ப் பெயரின் நடுவில் நாலு எழுத்து சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை. (எது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.) ஒரு ஊரையே ஆபாசம் என்று ஒதுக்கிவிட்டது புத்திசாலிக் கம்ப்யூட்டர். இன்றைக்கும் இந்த ரகத் தவறுக்கு அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்துச் சொல்கிறார்கள், பாவம்.

வார்த்தையை நம்பினால் நம் எல்லைப்புறத்தில் இன்னொரு பெரிய சிக்கல் உண்டு. இங்கே ஒரே ஷெட்டில் நாலு பாஷை. ஒருவர் ‘மெஷின் ஓடலை’ என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர் ‘மெஷின் நிந்து ஹோகிதே’ என்பார். பக்கத்திலேயே ‘மெஷின் ஆகிபோயிந்தி’ என்று தெலுங்கில் ஒருவர். மூன்றும் ஒரே துக்கம்தான். ஃபில்டருக்கோ ‘பிரேக்டவுன்’ என்ற ஒரே வார்த்தைதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே ‘ஓடலை’யை ஒருவர் நீட்டி எழுதுவார், ஒருவர் குறுக்கி எழுதுவார். எத்தனை விதத்தைத்தான் லிஸ்ட்டில் சேர்ப்பீர்கள்?

தபால்காரர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஆறில் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளா பக்கம். ஐந்தில் தொடங்கினால் கர்நாடகா, ஆந்திரா பக்கம். ஓசூர் 635109. சார்ட்டிங் செய்கிறவருக்கு உள்ளே காதல் கடிதமா, கடன் நோட்டீஸா என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். கவரின் மேலே இருக்கிற நம்பரைப் பார்த்து அந்தந்த அறைக்குள் போட்டுவிடுவார். என் அபிப்பிராயத்தில் ஃபில்டரிலும் இதுதான் ராஜபாட்டை. மெயிலுக்குள் இருக்கிற வார்த்தையைப் பார்க்காதே, எந்த விலாசத்துக்கு வந்தது, எந்தக் கம்பெனி விலாசத்திலிருந்து வந்தது என்று பார். குவாலிட்டிக்கு ஒரு விலாசம், சம்பளத்துக்கு ஒரு விலாசம், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஒரு விலாசம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால், பாதி ஃபில்டர் எழுதவே தேவையில்லை. பெரிய வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் இருந்தால், அந்தப் பத்து கம்பெனி விலாசத்தையும் அப்படியே லிஸ்ட்டில் போட்டு, ‘இவர்களிடமிருந்து எது வந்தாலும் குவாலிட்டிக்கும் காட்டு’ என்று எழுதிவிடலாம். பாஷைப் பிரச்னை பறந்தது.

குப்பை மெயில் ஒன்றும் புதுசு இல்லை. 1975 நவம்பரிலேயே, மெயில் என்ற பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோதே, ஜான் போஸ்டல் என்பவர் ‘வேண்டாத மெயிலை மறுக்க கம்ப்யூட்டருக்கு ஒரு வழி வேண்டும்’ என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். 1978 மே மாதம் டிஜிட்டல் கம்பெனியைச் சேர்ந்த ஒரு விற்பனைக்காரர், சுமார் நானூறு பேருக்கு ஒரே அடியில் கம்ப்யூட்டர் விளம்பரம் அனுப்பி, திட்டு வாங்கினார், வியாபாரமும் பிடித்தார். எல்.இ.டி. பல்பு ஆசாமிக்கு அவர்தான் தாத்தா.

*

இனி கொஞ்சம் சீரியஸான கட்டத்துக்கு வருவோம். குப்பை குறையட்டும் என்று தம்பி எழுதுகிற இன்னொரு விதி: ‘நோ-ரிப்ளை விலாசத்திலிருந்து வந்தால் தூக்கிப் போடு.’ பதில் கூட வேண்டாம் என்கிறவனிடம் நமக்கென்ன பேச்சு என்ற நினைப்பு.

ஆனால் பெரிய வண்டிக் கம்பெனிகளில் இப்போது பல சமாச்சாரங்களை மனிதர்கள் எழுதுவதில்லை. வாங்கும் இலாகாவின் கம்ப்யூட்டரே எழுதுகிறது. ரிஜெக்ஷன் நோட்டீஸ், ஷெட்யூல் மாற்றம், டெபிட் நோட் எல்லாம் கம்ப்யூட்டர் தானே போடுகிற மெயில். அனுப்புகிற விலாசம்? சாட்சாத் நோ-ரிப்ளைதான்!

அந்த ரிஜெக்ஷன் மெயிலுக்கு ‘எட்டு டி’ என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. ஃபோர்டு கம்பெனி 1987-ல் எழுதி வைத்த முறை, இப்போது மோட்டார் தொழில் முழுவதும் பரவியிருக்கிறது. பிரச்னை என்ன, காரணம் என்ன, இனி வராமல் எப்படித் தடுப்பாய் என்று எட்டுப் படி. அதில் மூன்றாவது படிதான் பிராணன் போகிற இடம். கெட்டுப்போன பீஸ் மேற்கொண்டு லைனுக்குள் போகாமல் உடனே தடுத்து நிறுத்து என்பது அது. பல வாடிக்கையாளர்கள் இதற்கு இருபத்துநாலு மணி நேரம்தான் தருவார்கள். சனிக்கிழமை மதியம் வந்த நோட்டீஸ் குப்பையில் கிடக்கிறது. திங்கட்கிழமை காலை ஷிப்டில் அதே தவறான அளவில் இன்னொரு லாட்டை நம் ஆட்கள் சந்தோஷமாக ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே லைன் நிற்கிறது. நின்ற நிமிஷத்துக்கெல்லாம் கணக்குப் போட்டு டெபிட் நோட் வருகிறது. அந்த டெபிட் நோட்டும் நோ-ரிப்ளை விலாசத்திலிருந்து வந்து குப்பைக்கே போகிறது! மாதக் கடைசியில் பாக்கிக் கணக்கு ஒத்துப் பார்க்கும்போதுதான் அக்கவுன்டன்ட் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார்.

அப்படியானால் கம்ப்யூட்டர் அனுப்புகிற மெயிலுக்கெல்லாம் டிக்கெட் போடலாமா? போடலாம். ஆனால் அங்கே வேறொரு பூதம் காத்திருக்கிறது. அதன் பெயர் தானியங்கிப் பதில்.

ஆயுத பூஜை நேரம். ஓசூர் முழுக்க மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பியாகிவிட்டது. போகிற போக்கில் ‘நான் லீவில் இருக்கிறேன், திங்கட்கிழமை வருவேன்’ என்று மெயிலில் ஒரு தானியங்கிப் பதிலையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது உங்கள் ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து ஒருவருக்கு ‘உங்கள் கடிதம் கிடைத்தது, டிக்கெட் எண் 4501’ என்று போகிறது. அங்கே அவருடைய கம்பெனியிலும் ஒரு ஹெல்ப்டெஸ்க். அது ‘உங்கள் கடிதம் கிடைத்தது, எண் 982’ என்று புதுத் தலைப்பில் பதில் போடுகிறது. அதில் உங்கள் நம்பர் இல்லை. ஆகவே உங்களுடையது இதைப் புதுப் புகார் என்று எடுத்துக்கொண்டு 4502 போடுகிறது. அது 983 போடுகிறது. இப்படியே ‘கிடைத்தது’, ‘உங்களுடையதும் கிடைத்தது’ என்று இரண்டு மெஷின்களும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி விடிய விடிய மரியாதை செய்துகொண்டிருக்கும். மனுஷர்கள் பொரி மூட்டையோடு திரும்பி வரும்போது டிக்கெட் எண் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

சிரிக்காதீர்கள், மனிதர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள். 1997-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குள், சுமார் பதின்மூன்றாயிரம் பேர் இருந்த ஒரு பட்டியலுக்கு ஒருவர் ‘என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள், எடுத்துவிடுங்கள்’ என்று எழுதினார். ‘என்னையும்’, ‘என்னையும்’ என்று ஆளாளுக்கு எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ‘எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று எல்லோருக்கும் பதில் போட்டவர்களும் உண்டு! சுமார் ஒன்றரைக் கோடி மெயில்கள் குவிந்து சர்வர்கள் படுத்துவிட்டன. மெயில் சாஃப்ட்வேரை உலகத்துக்கே விற்கிற கம்பெனியில்!

இதற்கு மருந்து உண்டு. மெயிலின் தலையில், நம் கண்ணுக்குத் தெரியாமல், பல குறிப்பு வரிகள் இருக்கின்றன. தானாகப் போகிற மெயில் என்றால் ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும், அந்த வரி இருக்கிற மெயிலுக்கு இன்னொரு மெஷின் தானாகப் பதில் போடக் கூடாது என்று கீத் மூர் என்பவர் எழுதிய ஒழுங்குமுறை, ஆர்.எஃப்.சி. 3834 என்ற பெயரில் 2004-ல் வந்தது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பத் தானியங்கிப் பதில் போகாதபடி இடைவெளி விட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது யூனிக்ஸ்காரர்களின் பழைய புத்தி. ‘வெகேஷன்’ என்ற அவர்களுடைய குட்டி புரோகிராம், ஒரு ஆளுக்கு ஒரு முறை பதில் போட்டால் வழக்கமாக ஒரு வாரத்துக்கு மறுபடி வாயைத் திறக்காது.

ஆகவே, தம்பி கவனிக்க: நோ-ரிப்ளை, ஆட்டோ-சப்மிட்டட் இவற்றுக்கெல்லாம் ‘தூக்கிப் போடு’ என்று எழுதாதே. ‘டிக்கெட் போடு, ஆனால் பதில் போடாதே’ என்று எழுது. அநேகமாக எல்லா ஹெல்ப்டெஸ்க்கிலும் இதற்குத் தனி வசதி இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பட்டன் என்பது தெரியாமல்தான் பலர் ரிஜெக்ஷன் நோட்டீஸைக் கோட்டை விடுகிறார்கள்.

வரிசையும் முக்கியம். ஃபில்டர்கள் மேலிருந்து கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நிறுத்திக்கொள்கிற அமைப்பும் உண்டு, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கிற அமைப்பும் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். நிறுத்துகிற ஜாதி என்றால், வாடிக்கையாளர் லிஸ்ட் மேலே, குப்பை விதி கீழே. மாற்றிப் போட்டால் மாப்பிள்ளையையே மண்டப வாசலில் நிறுத்தி ‘பத்திரிகை இருக்கா?’ என்று கேட்ட கதைதான்.

இன்னொரு வேடிக்கை. நம்மவர்கள் புது மெயில் எழுதுவதே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மெயிலைத் தேடி எடுத்து, அதற்கு ‘ரிப்ளை’ அமுக்கி, சம்பந்தமே இல்லாத புதுப் புகாரை எழுதுவார்கள். விலாசம் அடிக்கிற சிரமம் மிச்சம் பாருங்கள். தலைப்பில் பழைய டிக்கெட் நம்பர் இருப்பதால், புதுப் புகார் என்றைக்கோ மூடின டிக்கெட்டின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தர் கண்ணிலும் படாது. மூடி இத்தனை நாளுக்கு மேல் ஆகியிருந்தால் புது நம்பர் கொடு என்று ஒரு விதி போட்டால் தீர்ந்தது.

*

ஃபில்டரில் விழுகிற ஓட்டைகளிலேயே எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது பணம் சம்பந்தப்பட்டது இல்லை.

பல கம்பெனிகளில் ஊழியர்களுக்கென்றும் ஒரு ஹெல்ப்டெஸ்க் வைத்திருக்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., சம்பள ஸ்லிப், ஹாஸ்டல், பஸ். அதற்கு தம்பி ஒரு ஃபில்டர் போடுகிறான்: ‘கம்பெனி விலாசத்திலிருந்து வந்தால் மட்டும் எடு, மற்றதை நிராகரி.’ பாதுகாப்பு என்று கேட்டால் நல்ல விஷயம்தான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஷாப் ஃப்ளோரில் கம்பெனி ஈ-மெயில் யாருக்கு இருக்கிறது? ஸ்டாஃபுக்கு இருக்கிறது. கான்ட்ராக்டில் மெஷின் ஓட்டுகிறவருக்கு, அப்ரென்டிஸ் பையனுக்கு, ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் பாகம் பூட்டுகிற பெண்ணுக்கு இல்லை. அவர்கள் கையில் இருப்பது செல்போனும் ஒரு ஜிமெயிலும்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஈ.எஸ்.ஐ. கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்று தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பத்து நாளாகத் தேடி எழுதின மெயில், அரை விநாடியில் நிராகரிக்கப்படுகிறது. பதில் கூடப் போகாது. ‘மெயில் போட்டேனே, யாரும் கண்டுக்கலை’ என்று அவள் ரூம்மேட்டிடம் சொல்வாள். மாதக் கூட்டத்தில் ஹெச்.ஆர். மேனேஜர் ‘புகார்கள் பூஜ்யம்’ என்று ஸ்லைடு போடுவார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்!

இதற்கு வழி, வெளி விலாசத்தை நிராகரிக்காமல் தனி வரிசையில் நிறுத்துவது. எம்ப்ளாயி நம்பரைத் தலைப்பில் எழுதச் சொல்லி கேன்டீன் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும் ஒட்டுவது. ஆறு எழுத்து நம்பரைப் பிடிப்பது ஃபில்டருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. நம்பர் இல்லாமல் வந்தால் ஒரு மனிதர் பார்க்கட்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். புகாரின் விவரத்தையும், புகார் கொடுத்தவர் யார் என்பதையும் வெளியே தெரியப்படுத்தக் கூடாது என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. இப்போது ஒரு பெண், வேறு விலாசம் தெரியாததால், அந்தப் பொது ஹெல்ப்டெஸ்க்குக்கே எழுதிவிடுகிறாள் என்று வையுங்கள். மெயில் உடனே டிக்கெட் ஆகிறது. பதினைந்து பேர் திரையில் அவள் பெயரோடு தெரிகிறது. இன்னொரு ஃபில்டர், ‘ஊழியர் புகார் என்றால் அவருடைய சூப்பர்வைசருக்கு ஒரு காப்பி’ என்று இருக்கும். யாரைப் பற்றி எழுதினாளோ அந்த ஆளுக்கே காப்பி போகிறது. ஒரு மனுஷனும் தப்புச் செய்யவில்லை, ஃபில்டர் சொன்னதைச் செய்தது!

வார்த்தையைப் பிடித்து இதைத் தடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண் எந்த வார்த்தையில் எழுதுவாள் என்று எந்த இன்ஜினீயருக்கும் தெரியாது. ‘அவர் சரியில்லை ஸார்’ என்று ஒரே வரியோடு நிறுத்திவிடுவாள். புகார்க் குழுவுக்கென்று ஹெல்ப்டெஸ்க்குக்குள் வராத தனி விலாசம் வேண்டும், அது கழிவறைக் கதவின் உள்பக்கம் வரை ஒட்டியிருக்க வேண்டும். ஊழியர் புகார் எதுவும் சூப்பர்வைசருக்குத் தானாகக் காப்பி போகிற விதியை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

திருடர் விஷயம் சுருக்கமாக. ‘எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்’ என்று உங்கள் சப்ளையர் பெயரில் மெயில் வரும். பெயர் சரியாக இருக்கும். விலாசத்தைக் கூர்ந்து பார்த்தால், இங்கிலீஷ் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’ரும் ‘என்’னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண் ஏமாறும், ஃபில்டர் ஏமாறாது, ஏனென்றால் அதற்கு எழுத்து எழுத்தாகத்தான் படிக்கத் தெரியும். அறிமுகமான விலாச லிஸ்ட்டில் இல்லாத இடத்திலிருந்து பாங்க் கணக்கு என்ற பேச்சு வந்தால், பணம் நிறுத்தி வை என்று குறியிட்டு அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பச் சொல்லலாம். அப்புறம், மெயிலில் இருக்கிற போன் நம்பருக்கு இல்லாமல், உங்கள் பழைய பில்லில் இருக்கிற நம்பருக்குப் போன் போடுங்கள். சப்ளையரின் நிஜ விலாசத்துக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தாலும் இந்தப் போன் காப்பாற்றும். பணம் போயே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அதுதான்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே, அதுவே படித்துப் பிரித்துவிடாதா என்று கேட்பீர்கள். பிரிக்கிறது. ‘நிந்து ஹோகிதே’யும் ‘ஓடலை’யும் ஒன்று என்று அதற்குப் புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சொல்வது ஒரு யூகம். எங்கே அனுப்புவது என்று யூகிக்க விடலாம். எதைத் தூக்கிப் போடுவது என்று யூகிக்க விட எனக்கு மனசு வரவில்லை.

நான் பி.காம். கணக்குப் புத்தகத்தில் ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பது. டோட்டல் டேலி ஆக வேண்டும், ஆனால் தொகையைத் தொலைக்கக் கூடாது. ஃபில்டர் லிஸ்ட்டின் கடைசி வரி அதுவாக இருக்கட்டும். மேலே எதிலும் பொருந்தாத மெயில் எல்லாம் ஒரு தனி வரிசைக்கு. குப்பை என்று ஒதுக்கியதையும் உடனே அழிக்காமல் ஒரு மாதம் வைத்திருக்கும்படி செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் இரண்டையும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. எல்.இ.டி. பல்பு, யோகா கிளாஸ், நைஜீரியா இளவரசர், எல்.இ.டி. பல்பு, மறுபடி எல்.இ.டி. பல்பு என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில், எழுத்துப் பிழையோடு, தலைப்பே இல்லாமல், ‘ஸார் போன மாசம் குடுத்த மெயிலுக்கு பதில் வரல’ என்று ஒன்று கிடைக்கும். அதற்கு நம்பர் போட்டுவிட்டு அப்புறம் பஸ்ஸைப் பிடியுங்கள்.